இறக்கி வைக்க ஒரு கல்

சனிக்கிழமை காலையில் வெற்றி கார் சாவியை எடுத்தால் எங்கே போகிறோம் என்று நான் கேட்பதில்லை. அவனுக்கே தெரியாது. சான்ட்ரிங்ஹாமில் இருக்கிற வீட்டிலிருந்து கிளம்பி, மோட்டார்வே பிடித்து, பெட்ரோல் முள் பாதிக்கு இறங்கும்வரை ஓட்டுவான். பிறகு திரும்புவான். வீட்டில் இருந்தாலும் இதே கதைதான். சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பான், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே நாலு வாய் தின்பான். நாற்காலி என்று ஒரு சாமான் இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது. அவனைத் தனியாக விடாதே என்று அம்மா உத்தரவு போட்டிருந்ததால் நான் ஒடாஹுஹுவில் இருந்த என் அறையைக் காலி செய்துவிட்டு அவன் வீட்டுக்கு வந்தேன். வாரம் பூராவும் பென்ரோஸ் கிடங்கில் லாரிகளை அனுப்புகிறவனுக்குச் சனிக்கிழமையும் ரோடுதான் என்று ஆனது.

வெற்றி என் தங்கை அபிதாவின் புருஷன். அபிதா போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. எட்டு மாதக் கர்ப்பிணி, கடையிலிருந்து நடந்து வரும் வழியில் தெருவில் விழுந்தாள். நுரையீரல் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரியில் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். அவளும் தங்கவில்லை, குழந்தையும் தங்கவில்லை. அவள் எனக்கு ஒரே தங்கை. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவன் வெற்றி என்பதால் பெரும்பாலும் அவன் மேல்தான் போய் விழும்.

அம்மா கடலுக்கு அந்தப் பக்கம், அருப்புக்கோட்டையில் இருக்கிறாள். மகளின் கடைசிக் காரியத்தைப் போனில்தான் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று, சுமைதாங்கி. எங்கள் பக்கத்துச் சாலையோரங்களில் இன்னும் சில நிற்கின்றன. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு நீளக் கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு போகிறவன் யாரையும் கூப்பிடாமல் தானே சுமையை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம், அந்த உயரம். பிள்ளையைச் சுமந்தபடி செத்துப்போன பெண்ணுக்காக அவள் வீட்டார் வைப்பது. இறக்காத சுமையோடு போனவளுக்கு, ஊரார் அதில் சுமையை இறக்க இறக்க பாரம் குறையும் என்று நம்பிக்கை. வருஷத் திதிக்குள் வைத்துவிட வேண்டும் என்றாள் அம்மா.

ஊரிலேயே வைத்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நடந்த ஊரில்தான் வைக்க வேண்டும், இங்கே வைத்தால் அவளுக்கு வழி தெரியுமா என்று திருப்பிக் கேட்டாள். இந்த ஊரில் சுமை தூக்கிக்கொண்டு யாரம்மா நடக்கிறார்கள், எல்லாம் கார் டிக்கியில்தான் போகிறது என்றேன். அதற்கு அவள் போனை வைத்துவிட்டாள். பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசில் விசாரித்தேன். பெயர் பொறித்த பெஞ்ச் வேண்டுமானால் போடலாம், அதற்கும் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். “நான் என்ன உக்காரவாடா கேட்டேன்?” என்றாள். கோயிலில் கேட்டேன். கார் நிறுத்தும் இடத்தில் கல்லை நட்டால் கார் எங்கே நிற்கும் என்றார்கள். அதுவும் நியாயம்தான். திதி நெருங்க நெருங்க அம்மாவின் போன் விடியலிலும் வந்தது, வேலை நேரத்திலும் வந்தது. கனவில் அபிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறாளாம்.

அந்தச் சனிக்கிழமை வெற்றி பாம்பே மலைப் பக்கம் ஏறினான். பேர்தான் பாம்பே, வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளைகிற செம்மண் மேடு. மெயின் ரோட்டை விட்டு ஒரு சின்ன ரோட்டில் திரும்பினோம். இரண்டு பக்கமும் சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல், கறுப்புக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பழைய பண்ணைச் சுவர்கள். மழைத் தூறல். திடீரென்று பிரேக் போட்டான். பின்னால் வண்டி எதுவும் வராதது எங்கள் அதிர்ஷ்டம். திட்டுவதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினான்.

சுவரில் ஒரு இடைவெளி இருந்தது. இடைவெளியின் இரண்டு பக்கமும் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கல்தூண்கள். அவற்றின் தலைமேல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, உளியால் கொத்திய ஒரு நீளக் கல் கிடந்தது. எங்கள் ஊர் ரோட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போலவே இருந்தது. வெற்றி அதன் மேல் இரண்டு கையையும் விரித்துப் போட்டு, கன்னத்தைக் கல்லில் வைத்துக்கொண்டு நின்றான்.

“மச்சான், யாரோ யாருக்கோ வச்சிருக்காங்க” என்றான்.

இந்த நாட்டில் சுமைதாங்கி வைக்க யார் இருக்கிறார்கள், இது மாட்டுக்கு ஏதாவது வைத்திருப்பார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அவன் அசையாமல் நின்றான். ஒரு வருஷத்தில் அவன் ஒரு இடத்தில் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். ரசம் கேட்டான். மறுநாள் காலையில் எழுப்ப எழுப்பத் தூங்கினான். போட்டோவை அம்மாவுக்கு அனுப்பி, கல் அமைந்துவிட்டது அத்தை என்று சொல்லிவிட்டான். அம்மா போனிலேயே அந்தக் கல்லுக்குக் கும்பிடு போட்டாள். தெரு முழுக்கப் போட்டோவைக் காட்டிவிட்டு வந்து, பெரிய மனசுக்காரர்கள் ஊராக இருக்கிறதே, கேட்டதும் ரோட்டோரத்தில் இடம் கொடுத்திருக்கிறார்களே என்றாள். அவனும் அம்மாவும் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மஞ்சளும் குங்குமமும் கொண்டுபோய் மூன்று கல்லுக்கும் பூசினான் வெற்றி. ஒரு அகலும் ஏற்றினான். காற்றில் நிற்கவில்லை.

அதற்கடுத்த வாரம் நாங்கள் போய் இறங்கியதும் மேட்டிலிருந்து நாலு சக்கர குவாட் பைக் ஒன்று இறங்கி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நாய் எங்களைப் பார்த்து ஒரு தடவை குரைத்துவிட்டுப் போதும் என்று விட்டுவிட்டது. ஓட்டி வந்தது எழுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள், முட்டிவரை ரப்பர் கம்பூட். பேர் நோலீன், பண்ணை தன்னுடையது என்றார். கோபமாகப் பேசவில்லை. தன் பண்ணை வாசல் கேட்டுத் தூணுக்கு மஞ்சள் பெயின்ட் அடிப்பது யாரென்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்ததாகச் சொல்லி, கட்டை விரலால் மஞ்சளைத் தேய்த்துப் பார்த்து, இது போகுமா என்று கேட்டார்.

மூன்றுமே கேட்டுத் தூண்கள்தான். பெரிய கேட்டுக்கு இரண்டு, பக்கத்தில் ஆள் நுழையும் சின்ன கேட்டுக்கு ஒன்று. அவருடைய தாத்தாவுக்கும் முந்தியவர்கள், நிலத்தைச் சுத்தம் செய்தபோது வந்த கல்லில் சுவரையும், பெரிய கல்லைச் செதுக்கித் தூண்களையும் வைத்தார்களாம். கேட்டு இற்று விழுந்ததும், செத்துப்போன அவர் புருஷன் புதுக் கேட்டுக்குச் செலவு பண்ண மனமில்லாமல், சாய்ந்து கிடந்த நீளமான மூன்றாவது தூணை டிராக்டரால் தூக்கி, கிடாரிகள் தாண்டாதபடி குறுக்கே போட்டிருக்கிறார். அவ்வளவுதான். பெரு மழையில் மறுபக்கத்துப் பாதை சரிந்துவிட்டதால் மாடுகளை இப்போது கார் ரோடு வழியாக ஓட்ட வேண்டியிருக்கிறதாம். பழைய வாசலை இருந்தபடியே மீட்டுக் கட்ட வியாழக்கிழமை மண் தோண்டும் டிக்கர் வருகிறது, குறுக்குக் கல்லை இறக்கி அதன் பழைய குழியில் நடப் போகிறார்கள் என்றார்.

சுமைதாங்கி என்றால் என்ன என்று நான் இங்கிலீஷில் விளக்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு திக்கித் திணறி நான் எதையும் விளக்கியதில்லை. நோலீன் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், வருத்தமாக இருக்கிறது, ஆனால் மாடு ரோட்டில் போகிறது, வளைவில் வேகமாக வருகிற காரில் ஒரு நாள் யாராவது சாவார்கள் என்றார். வெற்றி அவரிடம் கெஞ்சினான். வேறு தூண் வாங்கித் தருகிறேன், வேறு இடத்தில் கேட்டு வைத்துத் தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னான். வியாழக்கிழமை மத்தியானம் வேண்டுமானால் வாருங்கள், இறக்கும்போது நீங்களும் இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். மஞ்சளைக் கழுவிவிடுகிறோம் என்று நான் கத்திச் சொன்னேன். கழுவ மாட்டேன் என்றான் வெற்றி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

வீட்டில் மறுபடி நடை ஆரம்பித்தது. இந்த முறை முன்னைவிட மோசம். டிக்கர் வந்தால் கல்லுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வேன் என்றான். புதன்கிழமை சாயங்காலம், சாம்பாரைத் தாளித்துக்கொண்டிருந்த நான் கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

“மாப்ள, அது மாட்டு கேட்டு. மாட்டு கேட்டுக்கு மஞ்சள் பூசிட்டு நிக்கிறோம். போதும்.”

“உங்களுக்கென்ன மச்சான், சொல்லுவீங்க.”

“எனக்கென்னவா? அவ என் கூடப் பொறந்தவடா. நீ பாட்டுக்கு நடக்குற, கார் ஓட்டுற. நான் உன் பின்னாடியே சுத்துறேன். எனக்கு அழுகக்கூட நேரம் இல்லை.”

இதை நான் சொல்ல நினைத்திருக்கவில்லை. வெற்றி சுவரில் சாய்ந்தான்.

“அன்னிக்கு அவ கடையிலேருந்து போன் பண்ணா. ரெண்டு கையிலயும் பை, வந்து கூட்டிட்டுப் போன்னா. நான் மீட்டிங்ல இருந்தேன். கொஞ்ச நேரம் நில்லு, வர்றேன்னேன். நிக்காம நடந்துட்டா.”

எனக்கு இது தெரியாது. அடுப்பை அணைத்தேன்.

“எட்டு மாசம் மச்சான். குனிஞ்சு பையைத் தரையில வைக்க முடியாது. வச்சா எடுக்க முடியாது. நெஞ்சு உசரத்துக்கு ஒரு கல்லு இருந்திருந்தா வச்சிட்டு மூச்சு வாங்கியிருப்பா. எங்கயும் இறக்க முடியாமத் தூக்கிக்கிட்டே வந்து விழுந்திருக்கா. எனக்கு கண்ணை மூடுனா அந்தப் பைதான் தெரியுது.”

பைக்கும் அடைப்புக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அதைத் திருப்பிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவனுக்கும் அது தெரியும். அவன் கேட்பது டாக்டரிடம் இருக்கிற பதில் இல்லை. அம்மா கேட்பது பிள்ளைச் சுமைக்குக் கல், இவன் கேட்பது அந்த இரண்டு பைக்குக் கல். இவனுக்கு அது கிடைக்காமல் போனால் இவன் சாகிறவரை நடந்துகொண்டேதான் இருப்பான் என்று எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு அவனோடு போனேன். கல்லுக்கடியில் உட்காருகிறவனை இழுக்க ஒரு ஆள் வேண்டுமே. டிக்கர் ஏற்கெனவே வந்திருந்தது. ஓட்டுநர் குறுக்குக் கல்லுக்கு இரண்டு பக்கமும் தூக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். வெற்றி நேராகப் போய்க் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். ஓட்டுநர் நோலீனைப் பார்த்தார். நோலீன் இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, சுவர்மேல் உட்கார்ந்து காத்திருந்தார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவுக்கு வீடியோ போட்டேன். ஊரில் அப்போதுதான் விடிந்திருந்தது. அம்மா திரையில் கல்லைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், பின்னால் நின்ற இயந்திரத்தைப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று கேட்டாள். நான் சமாளிப்பதற்குள் வெற்றி போனை வாங்கிக்கொண்டான்.

“அத்தை, இது நாங்க வச்ச கல்லு இல்லை. இவங்க பண்ணையோட கேட்டுக் கல்லு. நான்தான் உங்ககிட்ட மறைச்சிட்டேன். இன்னிக்கு எடுக்குறாங்க.”

அம்மா அழுவாள் என்று நினைத்தேன்.

“அடுத்தவங்க கல்லு மேல எம்மகளை எதுக்கு மாப்பிள்ளை ஏத்தி வச்சீங்க?” என்றாள். “இறக்கிருங்க.”

வெற்றி கையை எடுக்கவில்லை. அம்மா மறுபடி பேசினாள், இப்போது குரல் தணிந்திருந்தது. “அவ விழுந்த எடத்துக்கு ஒரு தடவையாவது போனீங்களா?”

அவன் இல்லை என்று தலையாட்டினான். அன்றைக்கு ஆபீசிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினான். அதற்கப்புறம் அந்தத் தெருவில் அவன் கால் வைக்கவில்லை, என்னையும் அந்தப் பக்கம் போகவிட்டதில்லை. பஸ்ஸுக்குக்கூடச் சுற்றித்தான் போவான். அது எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. அதில் போகாமல் இருப்பதற்காகத்தான் ஒரு வருஷமாக மலையெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறான் என்பது எனக்கு அந்த மாட்டு வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது.

அவன் கையை எடுத்தான். கல் மெல்ல எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, இறங்கியது. அதைக் குழிக்குள் நிமிர்த்தும்போது ஓட்டுநர் ஒரு கை கொடுக்கச் சொன்னதால் நானும் வெற்றியும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிப் பிடித்தோம். நட்டு முடித்து மண்ணைக் குத்தியதும் அது வெறும் கேட்டுத் தூணாகத்தான் இருந்தது. தலைப்பக்கம் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் நோலீன்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் மளிகைக் கடை வாசலில் நிறுத்தச் சொல்லி வெற்றி இறங்கினான். அங்கிருந்து அபிதா நடந்த வழியில் நடந்தான். நான் பின்னால் போனேன். அந்தத் தெருவில் திரும்புகிற இடத்தில் அவன் நடை குறைந்தது. மரவேலி, செடிவேலி, மறுபடி மரவேலி. அவன் ஒவ்வொன்றையும் உயரம் பார்த்துக்கொண்டே போனான். பாதித் தெருவில் நின்றுவிட்டான்.

அந்த வீட்டு முன்னால் மட்டும் கறுப்புக் கல் அடுக்கிய ஒரு பழைய சுவர் இருந்தது. மத்தியானம் நாங்கள் பிடித்துத் தள்ளிய அதே மாதிரி, குமிழ் குமிழாக ஓட்டை விழுந்த கல். இந்தத் தெருவெல்லாம் பண்ணையாக இருந்த காலத்துச் சுவராக இருக்க வேண்டும். கேட்டு எந்தக் காலத்திலோ போய்விட்டது, இரண்டு தூண் மட்டும் நடைபாதையை ஒட்டி நின்றது. நெஞ்சு உயரம், தலை தட்டை. குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த ஒரு நடுவயதுப் பெண் எங்களைப் பார்த்து நின்றார்.

“தமிழோ?” என்றார். ஆமா என்றேன். அவர் வெற்றியின் முகத்தைப் பார்த்தார், அவன் பார்த்துக்கொண்டிருந்த தூணைப் பார்த்தார். தொட்டியின் பிடியை விட்டார்.

“நீங்கள் அந்தப் பிள்ளையின்ர ஆக்களோ?”

அவர் பேர் யோகராணி, யாழ்ப்பாணத்துக்காரர். அன்றைக்கு ஆம்புலன்சைக் கூப்பிட்டது அவர்தான். என்ன ஆயிற்று என்று அப்புறம் கேட்டு அலைந்திருக்கிறார், யாரும் சொல்லவில்லை. ஆட்கள் யாராவது ஒரு நாள் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். தாயும் பிள்ளையும் ரெண்டு பேருமே இல்லை என்று நான் சொன்னேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். வெற்றி அவரிடம் ஒன்றுதான் கேட்டான், விழும்போது கையில் பை இருந்ததா என்று.

“இல்லைத் தம்பி. நான் யன்னலுக்க நிண்டு பாத்தனான். நடந்து வந்தவ, பை ரெண்டையும் இந்தத் தூணுக்கு மேல தூக்கி வச்சிட்டு, இடுப்பில கையை ஊண்டிக்கொண்டு நிண்டவ. நான் வெளியில வந்து தண்ணி வேணுமோ பிள்ளை எண்டு கேட்டனான். சிரிச்சுக்கொண்டு தலையாட்டினவ. நான் தண்ணி எடுக்கத் திரும்பேக்க ‘அப்பாடா’ எண்டு சொன்னது எனக்குக் கேட்டது. அவ்வளவுதான். பை ரெண்டும் கடைசி மட்டும் மேலதான் இருந்தது. முட்டை ஒண்டுகூட உடையேல்லை.”

வெற்றி அந்தத் தூணின் தலையைத் தடவினான். பிறகு அங்கேயே, நடைபாதையில், அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு அப்போது வந்த அழுகையை நான் அடக்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் எடுத்ததும் போனை யோகராணியிடம் நீட்டினேன்.

“அக்கா, அவ கடைசியாச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க” என்றேன். “எங்கம்மா கேக்கணும்.”